மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தம்: பெயரும் மரபும் பொருளும்

முன்னுரை

திருக்கோயில் ஒன்றன் சிறப்பினை மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூவகையாக வகுத்துரைத்தல் சைவ மரபு. பெரும்பாலான கோயில்களிலே மூர்த்தியின் சிறப்பே முதலிடம் பெறும். தலமும் தீர்த்தமும் அதனைத் தொடர்ந்து பேசப்படும். ஒருசில இடங்களில் இம்முறை மாறி நிற்கின்றது. அங்கே தீர்த்தமே முதற்கண் நினைக்கப்படுகின்றது; கோயில் அத்தீர்த்தத்தின் கரையில் எழுந்ததாகவே மக்கள் உள்ளத்திற் பதிந்துள்ளது. மட்டக்களப்பு நகரின் வடபுறத்தே, அமிர்தகழியில் அமைந்துள்ள மாமாங்கம் அத்தகைய இடங்களுள் ஒன்றாகும். 'மாமாங்கம் ஆடப் போகின்றோம்' என்று இப்பகுதி மக்கள் கூறும்போது, அவர்கள் முதலிற் கருதுவது நீராட்டையே.

ஆடித் திங்கள் அமாவாசையன்று நிறைவுறும் பத்து நாட் பெருவிழாவுக்கு எழுவான்கரையிலும் படுவான்கரையிலுமிருந்து மக்கள் திரள்கின்றனர். இத்தீர்த்தத்தின் மகிமையினைக் கூறும் கட்டுரைகளும் விழா மலர்களும் பல. அவற்றுட் பெரும்பாலானவை அனுமனது கதையினைக் கூறி, அதனோடு அமைந்துவிடுகின்றன. அக்கதை இக்குளத்துக்குப் புகழ் தந்தது உண்மையே. ஆயினும் ஓர் ஊர்க்குளம் தலைமுறை தலைமுறையாக மக்களைத் தன்பால் ஈர்த்து நிற்பதற்குக் கதை மட்டும் காரணமாகாது. இந்நிலத்தின் இயல்பு, இவ்விடத்துப் பெயர்களின் பொருள், இறந்தோர்க்குச் செய்யும் கடன்பற்றிய எண்ணம் ஆகிய மூன்றும் இங்கு ஒன்றுகூடியுள்ளன. அவற்றை ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழியும் அமிர்தமும்

மட்டக்களப்பின் வாழ்வு நீரால் வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 56 கி.மீ. நீளமுடைய வாவி கடற்கரைக்கு இணையாக வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்குப்புறம், ஞாயிறு எழும் திசையிலுள்ளமையால், எழுவான்கரை எனப்படும். மேற்குப்புறம், ஞாயிறு படும் திசையிலுள்ளமையால், படுவான்கரை எனப்படும். மீனும் தென்னையும் எழுவான்கரைக்கும், நெல்லும் பாலும் படுவான்கரைக்கும் உரியனவாகச் சொல்லப்படும் வழக்குண்டு. மட்டக்களப்பு என்னும் பெயரின் இறுதியிலுள்ள 'களப்பு' என்பதும் ஆழங்குறைந்த கடல்சார் நீர்ப்பரப்பினையே குறிக்கும்.

இவ்வாவியின் நீர் முற்றிலும் கடல்நீருமன்று, முற்றிலும் நன்னீருமன்று. மாரிகாலத்தில் மேற்கிலிருந்து ஆறுகள் கொணரும் வெள்ளம் வாவியை நிரப்ப, முகத்துவாரம் உடைத்துக்கொண்டு கடலொடு கலக்கும். கோடையில் அலைகள் கொணரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். இவ்வாறு ஆண்டுதோறும் உவர்ப்பும் இனிப்பும் மாறிமாறி மேலோங்கும் நீர்நிலை இது. மீன்வளத்துக்கு இவ்வியல்பு பெருந்துணை. குடிநீருக்கும் குளிநீருக்கும் இது பயன்படாது.

அமிர்தகழி என்னும் பெயரை இப்பின்னணியிலேதான் நோக்குதல் வேண்டும். 'கழி' என்பது சங்க இலக்கியத்து நெய்தற் பாடல்களிற் பயின்று வரும் சொல். கடல் உள்வாங்கிக் கிடக்கும் உவர்நீர்ப்பரப்பே கழி. உப்பு விளையும் இடமாதலின் 'உப்பங்கழி' என்றும் வழங்கும். அமிர்தம் என்பதோ சாவை நீக்கும் இன்சுவைப் பொருள். கழி உவர்ப்புக்குரியது, அமிர்தம் இனிமைக்குரியது. தம்முள் முரணிய இவ்விரு சொற்களையும் இணைத்து ஊருக்குப் பெயரிட்டோர், உவர்நீர் சூழ்ந்த நிலத்தின் நடுவே இனிய நீர் இருத்தலைக் கண்டு வியந்தவராதல் வேண்டும். அமிர்தத்துளி ஒன்று இங்கு வீழ்ந்தமையால் இப்பெயர் உண்டாயிற்று என்று கூறுவாரும் உளர். அக்கதையும் இவ்வியப்பின் மற்றொரு வடிவமே எனலாம்.

நன்னீரின் நிலை

உவர்நீர்க்கரையிலே நன்னீர் நிற்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு நிலநீரியல் விடை தருகின்றது. மணற்பாங்கான கடலோர நிலத்திலே பெய்யும் மழைநீர் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் தங்குகின்றது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு மிகுதி. ஆதலின் கனம் குறைந்த நன்னீர் கனம் மிகுந்த உவர்நீரின்மேல், நடுவிற் பருத்தும் ஓரங்களில் மெலிந்தும் உள்ள ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நிலநீர்மட்டம் கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி உயர்ந்திருப்பின், அதன்கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருத்தல் கூடும். ஐரோப்பியக் கடற்கரைகளை ஆராய்ந்த கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் என்னும் இருவர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே இவ்வுண்மையைக் கண்டு எழுதினர்.

இவ்விதியில் மற்றொரு பக்கமும் உண்டு. மேலுள்ள நன்னீர் ஓர் அடி குறையின், கீழுள்ள உவர்நீர் பல அடி மேலெழும். கடலோரக் கிணற்றிலே அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தால் அது உவர்ப்பாகிவிடுதல் இதனாலேயே. எனவே இந்நிலத்தின் நன்னீர் வற்றாத களஞ்சியமன்று. ஒவ்வொரு மாரியும் ஊட்டி வளர்க்கும் மெல்லியதோர் இருப்பேயாம். ஆடி மாதம் இப்பகுதியிற் கச்சான் காற்று வீசும் காலம். மண் வறண்டு, கிணறுகள் தாழும் பருவம் அது. அக்காலத்திலும் நீர் நிற்கும் குளமொன்றைப் போற்றி, அதனைத் தீண்டுமுன் மனந்தூயராதல் வேண்டும் என்று முன்னோர் வகுத்தமை வியப்புக்குரியதன்று.

நீர்நிலையைத் தெய்வத்தோடு இணைக்கும் இம்மனப்பான்மை தமிழர்க்குப் பழையது. காவிரி கடலொடு கலக்கும் இடத்திலுள்ள நெய்தற் கானலிலே சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் இரு பொய்கைகள் இருந்தமையையும், அவற்றில் மூழ்கிக் காமவேள் கோட்டந் தொழுதால் கணவரைக் கூடலாம் எனத் தேவந்தி கண்ணகிக்கு உரைத்தமையையும், கண்ணகி அதனை ஏற்க மறுத்தமையையும் சிலப்பதிகாரம் கூறும். கடலோரத்துப் பொய்கையே அங்கும் தீர்த்தமாயிற்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அனுமன் கதை

மாமாங்கத் தீர்த்தத்தோடு தொடர்புடைய ஐதிகங்களுட் புகழ்பெற்றது அனுமன் கதையாகும். சீதையைத் தேடி இலங்கை வந்த அனுமனைப் பிடித்து அவன் வாலில் இராவணன் தீ வைப்பித்தான். அத்தீயினால் இலங்கையை எரித்த அனுமன், பின்னர் இக்குளத்திலே வாலைத் தோய்த்து நெருப்பைத் தணித்தான் என்பது மக்கள் நம்பிக்கை. இராமன் இங்கு இலிங்கம் அமைத்துச் சிவபிரானை வழிபட்டான் என்பது மற்றோர் ஐதிகம். குளத்து நீரைப் போலவே அதன் சேற்று மண்ணும் புனிதமுடையதெனக் கருதப்படுகின்றது.

வான்மீகி இராமாயணத்துச் சுந்தரகாண்டத்தில் அனுமன் தன் வால்நெருப்பைக் கடலிலேயே தணிக்கின்றான். அங்குக் கடலுக்குரியதாய் இருந்த செயல், மட்டக்களப்பு மரபிலே நன்னீர்க்குளத்துக்கு உரியதாக மாறியுள்ளது. இதனைப் பிழையெனத் தள்ளுதல் பொருந்தாது. காவியக் கதையொன்று ஓர் ஊரில் வேரூன்றும்போது, அவ்வூர் தனக்கு எது அரிதோ அதனையே கதைக்குள் வைக்கும். எத்திசையும் உவர்நீர் சூழ்ந்த மக்களுக்கு, எரியும் வாலின் வேதனையைத் தீர்க்கும் பேறு கடல்நீருக்கு உரியதாகத் தோன்றவில்லை. அது தம் குளத்து இன்னீருக்கே உரியதாயிற்று.

தீயைத் தணித்தல் என்னும் கருத்து மட்டக்களப்புச் சமய வாழ்வில் ஆழ்ந்து கிடப்பது. இப்பகுதியெங்கும் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் நடைபெறும் சடங்கு 'குளிர்த்தி' என்னும் நிகழ்வோடு நிறைவெய்தும். மதுரையை எரித்த அன்னையின் சினம் ஆறும்பொருட்டுப் பாடல் பாடிக் குளிர்நீர் தெளித்தலே குளிர்த்தி. ஒரு நகரை எரித்த தீ வைகாசியிற் குளிர்விக்கப்படுகின்றது. மற்றொரு நகரை எரித்த தீ குளிர்ந்த இடத்தில் ஆடியில் நீராட்டு நிகழ்கின்றது. ஒன்று சிலப்பதிகாரக் கதை. மற்றொன்று இராமாயணக் கதை. இரண்டும் வெவ்வேறு காலத்து, வெவ்வேறு மரபுவழி வந்தனவாயினும், வெம்மை மிகுந்த மாதங்களில் நீரைக் கொண்டு தீயை ஆற்றுதல் என்னும் ஒரே எண்ணத்தில் வந்து கூடுகின்றன. அனுமன் கதை இம்மக்களின் உள்ளத்தில் எளிதிற் பதிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஈழத்துப் பிற தீர்த்தங்களோடு ஒப்பிடின் இது மேலும் விளங்கும். யாழ்ப்பாணத்து வில்லூன்றித் தீர்த்தம் இராமன் தன் வில்லை ஊன்றி நீர் வருவித்த இடமெனப்படும். கீரிமலையிலே கடலலை மோதும் கரையிலேயே நன்னீரூற்றுப் பெருகுகின்றது. நகுல முனிவரின் கீரிமுகம் நீங்கிய இடம் அதுவென்பர். இவ்விரண்டும் கடலோர நன்னீர்நிலைகளே. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாய் வெந்நீரூற்றுக்கள் ஏழும், தாய் இறந்தபோது இராவணன் ஈமக்கடன் செய்தற்பொருட்டு வாளால் நிலத்தைக் குத்தியமையால் தோன்றியன என்று சொல்லப்படும். இராமன் பக்கத்துக் கதையாயினும் இராவணன் பக்கத்துக் கதையாயினும், இறுதியில் இவை மக்களை அழைத்துச் செல்லும் இடம் ஒன்றே: நீர்க்கரையில் நின்று இறந்தோரை நினைத்தல்.

மாமாங்கத்தின் பழமைக்குத் தேவாரச் சான்று இல்லை. ஈழத்திலே தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் திருக்கோணேச்சரமும் திருக்கேதீச்சரமுமேயாம். மாமாங்கத்தின் புகழ் ஏட்டிலிருந்து மக்களுக்கு இறங்கி வந்ததன்று. மக்கள் வாய்மொழியிலேயே வளர்ந்தது. கோயிற் பெயரிலும் இதனைக் காணலாம். முறையான பெயர் மாமாங்கேஸ்வரர் என்பது. ஈசுவரன் பெயர் அது. மக்கள் வழக்கிலோ 'மாமாங்கப் பிள்ளையார்' என்பதே பெருவழக்கு. சிவன் பெயரும் பிள்ளையார் பெயரும் முரண்பாடின்றி ஓரிடத்திலே வழங்க, இரண்டுக்கும் முன்னொட்டாக நிற்பது தீர்த்தத்தின் பெயரே என்பது கருதத்தக்கது.

மாமாங்கம் என்னும் பெயர்

இனி அப்பெயரினை ஆராய்வோம். 'மகாமகம்' என்னும் சொல்லே 'மாமகம்', 'மாமாங்கம்' எனத் திரிந்து வழங்குகின்றது. மகம் என்பது 27 விண்மீன்களுள் ஒன்று. ஞாயிறு கும்பராசியிலும், வியாழன் சிங்கராசியிலும் நிற்க, மாசித் திங்களின் முழுமதி மக விண்மீனொடு கூடும் நாளே மகாமகம். வியாழன் ஞாயிற்றைச் சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆதலின், ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்நாள் வரும். இதனாலேயே 'மாமாங்கம்' என்னும் சொல் பன்னிரண்டாண்டுக் காலத்துக்கும் பெயராயிற்று.

இப்பெயரால் தமிழகத்தில் நிகழும் பெருவிழா கும்பகோணத்து மகாமகமாகும். ஊழிக்காலத்தில் அமிர்தம் நிறைந்த கும்பம் தங்கிய இடம் கும்பகோணம் என்றும், சிவபிரான் அதனைச் சிதைத்தபோது வழிந்தோடிய அமிர்தமே மகாமகக் குளமாயிற்று என்றும் தலபுராணம் கூறும். குளத்தைச் சூழ 16 மண்டபங்கள் உள்ளன. அவை நாயக்க மன்னரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரால் எழுப்பப்பட்டன. 2016 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் அங்கு மகாமகம் நிகழ்ந்தது. அமிர்தகழியிலும் கும்பகோணத்திலும் மாமாங்கம் என்னும் பெயரும் அமிர்தம் என்னும் கருத்தும் ஒருசேர நிற்றல் தற்செயலன்று. புகழ்பெற்ற தலமொன்றின் பெயரைத் தம் ஊர்த் தீர்த்தத்துக்கு இட்டு, அதன் பயனை இங்கேயே பெறுதல் தமிழர் எங்கும் கையாண்ட மரபு.

ஆனால் ஒரு வேறுபாட்டினைக் காணாது விடுதல் கூடாது. கும்பகோணத்து விழா மாசித் திங்களின் முழுமதி நாளில் வருவது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. அமிர்தகழி விழாவோ ஆடித் திங்களின் மறைமதி நாளில் வருவது, ஆண்டுதோறும் நிகழ்வது. பெயர் ஒன்றாயினும் நாள் முற்றிலும் வேறு.

கேரளத்தையும் இங்கு நோக்குதல் தகும். நிளை எனப்படும் பாரதப்புழையின் கரையிலுள்ள திருநாவாயில், 18 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 'மாமாங்கம்' என்னும் பெயராலேயே பெருவிழா நிகழ்ந்தது. அதே திருநாவாய் பிதிர்க்கடன் செய்தற்குக் கேரளத்திற் பெயர்பெற்ற இடம். கர்க்கடக மாதத்து அமாவாசையில் மலையாள மக்கள் அங்குத் திரண்டு பலியிடுவர். கர்க்கடக வாவு எனப்படும் அந்நாள் நம் ஆடி அமாவாசையேயாம். மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமரபு, சடங்குகள் ஆகியவற்றில் சேரநாட்டுத் தொடர்பினை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். மாமாங்கம் என்னும் பெயரும் ஆடி அமாவாசையும் ஒருங்கே அமைதல் அத்தொடர்புக்குத் துணைச்சான்றாகலாம். எனினும் ஆடி அமாவாசை இராமேசுவரத்திலும், வேதாரணியத்திலும், கீரிமலையிலும் பெருநாளாதலின், இதனை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் தகாது.

இப்பெயர்க்கும் இந்நாளுக்கும் உள்ள இடைவெளியை இணைக்கும் மற்றொரு குறிப்பு வானநூல் மரபிலேயே உள்ளது. விண்மீன் ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிதேவதை கூறப்படும். மக விண்மீனுக்கு அதிதேவதை பிதிரர். அதாவது இறந்த முன்னோர். ஆகவே மகம் என்னும் பெயருக்குள்ளேயே தென்புலத்தார் இருக்கின்றனர். முழுமதியாயினும் மறைமதியாயினும், மாமாங்க நீராட்டு முன்னோரை நோக்கியதாய் அமைதல் பெயர்ப்பொருளுக்கு இயைந்ததேயாகும். அமிர்தகழி மக்கள் நாளை மாற்றிக்கொண்டனர், பொருளை மாற்றவில்லை.

ஆடி அமாவாசையும் தந்தையர் கடனும்

ஞாயிறு தென்றிசை நோக்கிச் செல்லத் தொடங்கும் காலத்தில் வரும் முதல் அமாவாசையாக ஆடி அமாவாசை கொள்ளப்படுகின்றது. ஈழத்திலே இந்நாள் தந்தையை இழந்தோர்க்கு உரியது. தாயை இழந்தோர்க்குச் சித்திரைத் திங்களின் பூரணை உரியது. தந்தையை இழந்தவர் அன்று உண்ணாதிருந்து நீராடி, எள்ளும் நீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்து, அந்தணர்க்கு அரிசியும் காய்கறியும் தானமாக வழங்குவர். வீடு திரும்பியதும் காக்கைக்கு உணவிட்ட பின்னரே தாம் உண்பர். அன்றைய உணவிற் காத்தோட்டிக்காய்க் கறி இடம்பெறுதல் ஈழத்து வழக்கு.

மாமாங்கத்தில் இக்கடன் கோயிற் பெருவிழாவோடு இணைந்துவிடுகின்றது. மாமாங்கேஸ்வரர் தீர்த்தமாடும் அதே நாளில், அதே நீரில், மக்களும் ஆடுகின்றனர். முற்காலத்திற் படுவான்கரை மக்கள் தோணியேறியும் வண்டி பூட்டியும் வந்து தங்கினர்; இன்று ஊர்திகளில் வந்து அன்றே திரும்புகின்றனர். வரும் முறை மாறினும் செய்யும் கடன் மாறவில்லை. இறந்தோர் பெயரைச் சொல்லி மூழ்கினால் அவர்கள் மறுபிறவியில் நற்பேறு எய்துவர் என்னும் நம்பிக்கையே மக்களை இங்கு அழைத்து வருகின்றது.

மட்டக்களப்புச் சமூக அமைப்போடு சேர்த்து நோக்கும்போது இதன் சிறப்பு மேலும் புலப்படும். இப்பகுதியில் 'குடி' தாய்வழியே வருவது. ஒருவன் எக்குடியினன் என்பது அவன் தாயாலேயே அறியப்படும். கோயில்களில் வண்ணக்கர் முதலான பொறுப்புக்களும், திருவிழா உபயங்களும் குடிமுறைப்படியே வகுக்கப்பட்டு வந்துள்ளன. வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லும். ஆடவன் மணந்தபின் மனைவியின் இல்லத்துக்குச் செல்வான். இவ்வமைப்பிலே தந்தை தன் பிள்ளைகளுக்குத் தன் குடியைக் கொடுப்பதில்லை; மக்கள் அவனிடமிருந்து பெறும் சமூக அடையாளம் சிறிதே. அத்தகைய சமூகத்திலே தந்தைக்குரிய நாள் ஆண்டின் பெருநாள்களுள் ஒன்றாக விளங்குகின்றது. வாழ்நாளிற் குடிப்பெயரால் கணக்கிடப்படாத உறவு, இறந்தபின் தீர்த்தக்கரையில் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றது. தாய்க்குரியது குடி, தந்தைக்குரியது நீர்க்கடன். சமூகம் தன் இருபுறத்தையும் இவ்வாறு நிறைத்துக்கொண்டது எனலாம்.

இல்வாழ்வான் ஓம்புதற்குரியோரைக் கூறுமிடத்துத் திருவள்ளுவர் தென்புலத்தாரை முதலில் வைத்துத் தெய்வத்தை அடுத்து வைத்தார். மாமாங்கத்தில் தீர்த்தம் முன்னிற்க, மூர்த்தி அதன்பின் நினைக்கப்படுதலும் அவ்வைப்புமுறையோடு ஒத்தியைகின்றது.

திதி அறியப்படாதோர்

ஒருவர் இறந்த திதியிலேயே அவர்க்கு ஆண்டுக்கடன் செய்தல் முறை. இறந்த நாள் அறியப்படாதோர்க்கு என் செய்வது என்ற வினாவுக்கு மரபு தந்த விடை அமாவாசை. நாள் தெரியாதோர் அனைவர்க்கும் அதுவே நாள். முற்காலத்தில் இது கடலோடிகளுக்கும், தொலைநாடு சென்று மறைந்தோர்க்கும், காட்டில் மாண்டோர்க்குமாக வகுக்கப்பட்ட விதிவிலக்காக இருந்திருத்தல் வேண்டும். கடந்த அரை நூற்றாண்டு வரலாறு அதனை மட்டக்களப்பின் பொதுவிதி ஆக்கிவிட்டது.

1978 நவம்பர் 23 ஆம் நாளிரவு வீசிய சூறாவளி இம்மாவட்டத்தைச் சிதைத்து, நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் காலை கடல் பொங்கியெழுந்து நாவலடி, திருச்செந்தூர் முதலிய கரையோர ஊர்களை அழித்தது. அன்று பூரணை, இறந்தோரின் திதி ஐயமின்றித் தெரியும். ஆயினும் உடல் கிடையாதோர் பலர். கடல்நீர் புகுந்து உவர்ப்பேறிய கிணறுகள் மீண்டும் இனிப்பதற்கு மாரிமழைகள் வேண்டியிருந்தன.

போர்க்காலத்து இழப்புக்களோ வேறுவகையின. 1990 செப்டெம்பர் 5 ஆம் நாள், வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அது ஒரு நிகழ்ச்சி மட்டுமே. இவ்வாறு காணாமற் போனோரின் குடும்பத்தினர்க்கு மாமாங்கக் கரை ஒரு கடினமான கேள்வியை எழுப்புகின்றது. எள்ளும் நீரும் இறைத்தல் இறப்பினை ஏற்றுக்கொள்ளுதலாகும். மகன் உயிரோடிருக்கின்றான் என நம்பும் தாய் அவன் பெயரால் நீர் இறைக்க உடன்படாள். உண்மையைக் கேட்டு நிற்கும் மனைவிக்கு, அமாவாசையைத் திதியாகக் கொள்ளுதல் தன் கேள்வியைக் கைவிடுதல் போலத் தோன்றும். வேறு சிலர், கடன் செய்யாது விடின் இறந்த உயிர் அலையுமே என்றஞ்சி, உள்ளம் ஒருப்படாமலே நீராடுகின்றனர்.

இவ்விரு சாரார்க்கும் சாத்திரம் நிறைவான விடை தரவில்லை. திதி அறியப்படாதோர்க்கு நாள் வகுத்த மரபினால், இறந்தாரோ இல்லையோ என்று அறியப்படாதோர்க்கு நாள் வகுத்தல் இயலாது. அவ்விடையைத் தருதற்குரியோர் வேறு. அது நீதியின் கடன். தீர்த்தக்கரை செய்யத்தக்கது ஒன்றுண்டு. அறிந்தோர் அழவும், அறியாதோர் காத்திருக்கவும் ஒரே இடம் அளித்தலே அது. ஆடி அமாவாசையன்று நீரில் இறங்குவோரும் இறங்காது கரையில் நின்று கும்பிட்டு மீள்வோரும் ஒருங்கே மாமாங்கத்துக்கு வருகின்றனர். இருவரையும் இக்குளம் ஏற்றுக்கொள்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மாமாங்கத் தீர்த்தத்தின் புனிதம் ஒரே காரணத்தால் உண்டானதன்று என்பது தெளிவாகும். உவர்நிலத்தில் நன்னீர் நின்றமை முதற்காரணம். அந்நீரின் அருமையை அனுமன் கதை எடுத்துரைத்தது. மாமாங்கம் என்னும் பெயர் அதனைக் கும்பகோணம், திருநாவாய் ஆகிய தொலைவிடங்களின் மரபோடு பிணைத்தது. ஆடி அமாவாசை அதனை ஒவ்வொரு குடும்பத்தின் இழப்போடும் பிணைத்தது. கதை மறக்கப்படினும் கடன் நிற்கும். கடன் நிற்கும்வரை கதையும் மறக்கப்படாது.

இங்கு ஒன்று வற்புறுத்தத்தக்கது. கோயில் பழுதுற்றால் திருப்பணி செய்து மீண்டும் எழுப்பலாம். கடலோரத்து நன்னீர் கெட்டால் அவ்வாறு எளிதில் மீட்டல் இயலாது. நகரம் பெருகுந்தோறும் ஆழ்கிணறுகள் பெருகும். கழிவுநீர் நிலத்திற் புகும். மழைநீர் மண்ணில் இறங்க வழியின்றிச் சீமெந்துத் தரை பரவும். இவை யாவும் அந்த மெல்லிய நன்னீர் இருப்பினைக் குறைப்பன. விழாநாளில் பல்லாயிரவர் மூழ்கும் குளத்தின் தூய்மையும், அதனைச் சூழ்ந்த நிலத்தின் நீரேந்தும் தன்மையும் கோயில் நிருவாகத்தின் பொறுப்பு மட்டுமல்ல. நீராடும் ஒவ்வொருவரின் பொறுப்புமாகும். நெய்ப்பையும் பூமாலையும் எண்ணெயும் நீரில் விடாமையும் பிதிர்க்கடனின் ஒரு பகுதியே.

பல்கலைக்கழக மாணவர் இத்துறையில் ஆற்றத்தக்க பணி பெரிது. வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலை 1964 இல் வெளியிட்டு இப்பகுதியின் மரபுகளை ஏட்டில் ஏற்றினார். அவர் வழிநின்று, மாமாங்கம்பற்றி முதியோர் கூறும் கதைகளை ஊர்தோறும் தொகுத்தலும், குளத்து நீரின் மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து பதிதலும் செய்யப்படல் வேண்டும். முன்னையது தமிழ்த்துறை மாணவர்க்கும் பின்னையது விஞ்ஞான மாணவர்க்கும் உரியதெனப் பிரித்தல் வேண்டியதில்லை. உவர்க்கழியினை அமிர்தகழி என்றழைத்தவர்கள் நீரையும் சொல்லையும் பிரித்து நோக்கியவர்களல்லர். முன்னோர்க்கு நீர் இறைப்பவர், பின்னோர்க்கு அந்நீர் இனிமை குன்றாது எஞ்சுமாறு காத்தலும் வேண்டும்.